அட்டையை நம்பி அரங்கனைப் பார்க்கப் போகாதீர்கள்



இன்றைக்குக் கார் டிக்கியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். "டீச்சருக்குக் கார் ஓட்டவே தெரியாதே" என்று 1998 பேட்ச் பிள்ளைகள் கீழே எழுதுவீர்கள் என்பதும் தெரியும். ஆமாம், ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவள்தான் எப்போதும் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். டிக்கிக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை உங்களை விட நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லை. ஒரு கறுப்பு அட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அட்டைக்குக் கடையில் பார்சல் ட்ரே என்று பெயர். சிலர் டிக்கி கவர் என்கிறார்கள். பின் கதவைத் தூக்கினால் இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டு கூடவே மேலே வருமே, அதுதான். அழுத்திய நார் அட்டை, மேலே கம்பளி மாதிரி ஒரு துணி. அதற்கு அடியில் வைத்துவிட்டால் பொருள் பத்திரம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஒரு நல்ல பையன் அரை நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற தை அமாவாசைக்கு என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தவறிய பின் வரும் முதல் தை அமாவாசை. அம்மா மண்டபத்தில் திதி கொடுத்துவிட்டு, பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டு, மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. அமாவாசை அன்று அம்மா மண்டபம் சாலையில் கார் நிறுத்த இடம் எங்கே இருக்கிறது? பக்கத்துச் சந்தில் ஒரு காலி மனையில் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார்கள். அங்கே நிறுத்தினார்கள்.

கோயிலுக்குள் கைபேசி கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட உத்தரவு அது. நல்ல உத்தரவு, எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் அதன் பிறகு கோயில் வாசலில் நிற்கும் கார்களுக்குள் என்ன இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். இவர்கள் இரண்டு போன், ஆபீஸ் லேப்டாப், பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் போட்டு டிக்கியில் வைத்தார்கள். மாப்பிள்ளை ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் கழற்றி அதே பைக்குள் போட்டார். அவர் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரம்.

பை கொஞ்சம் உயரம். கூடவே வாழைக்காய், பூசணி, தானம் கொடுக்க வாங்கிய அரிசி மூட்டை. அட்டை சமமாக உட்காரவில்லை. சோற்றுப் பானையைப் பாதி மூடின தட்டு மாதிரி சாய்ந்து நின்றது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அட்டை தூக்கிக்கொண்டிருப்பது பளிச்சென்று தெரியும். நான்தான், இதே வாயால், "மூடியிருக்கு இல்லே, போதும் வா, நேரமாச்சு" என்று சொன்னேன்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தோம். பின் பக்கக் கதவுக் கண்ணாடி கற்கண்டு கொட்டின மாதிரி சீட்டெல்லாம் கிடந்தது. பையைக் காணோம். பூசணி, வாழைக்காய், அரிசி அப்படியே இருந்தன. டிக்கிப் பூட்டில் ஒரு கீறல் கிடையாது. டிக்கியை யாரும் திறக்கவே இல்லையே! பக்கக் கண்ணாடி வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்து, பின் சீட்டில் முழங்காலை ஊன்றி, அட்டையை ஒரு கையால் தூக்கிப் பையை எடுத்திருக்கிறான். பூட்டு இருந்தது வெளிப்பக்கம். உள்பக்கம் இருந்தது ஓர் அட்டை.

அந்தக் காலி மனையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என் மாணவன். 2003இல் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவன். பெயர் எழுதப் போவதில்லை, அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். காலையில் என்னைப் பார்த்தவுடனே, "டீச்சர், நீங்களா, காசெல்லாம் வேண்டாம்" என்றான். நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

போலீஸ் வந்தது. முதல் கேள்வி அவனிடம். பெயர் கேட்டார்கள். ஊர் கேட்டார்கள். ராம்ஜி நகர் என்றான். அதற்கு மேல் கேள்வி இல்லை, "வண்டியிலே ஏறு" என்றார்கள். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவன்தான் நாங்க பை வைக்கிறதைப் பார்த்துட்டு நின்னான்" என்று சொன்னார். அவன் என்னைத்தான் பார்த்தான். "டீச்சர், நான் எடுக்கலை டீச்சர்." அவ்வளவுதான் சொன்னான்.

ராம்ஜி நகரைப் பற்றி வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். டெல்லி, மும்பை, பெங்களூர் என்று எங்கெங்கோ கார்க் கண்ணாடியை உடைத்து லேப்டாப் எடுத்ததாக அங்கிருந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போன செய்தி பத்திரிகைகளில் பல தடவை வந்ததுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் ஓம் விதி நடத்தியிருக்கிறேன். டிரைவர் இருக்கிறான், நர்ஸ் இருக்கிறாள், என்னை விட நல்ல வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். வேலைக்கு மனுப் போட்டால் முகவரியைப் பார்த்தே கடிதத்தை மூடி வைத்துவிடுகிறார்கள் என்று சொல்லி அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் குற்றவாளி என்பது 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் புத்தி. அந்தச் சட்டத்தை 1952இல் எடுத்தாயிற்று. புத்தி மட்டும் எடுபடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எதிர் வீட்டுக் கேமராவைப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், ஒரு பைக், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் என் மாணவன் சந்தின் முனையில் ஒரு வேனைப் பின்னால் எடுக்கக் கைகாட்டிக்கொண்டிருக்கிறான், அதுவும் படத்தில் இருக்கிறது. அனுப்பிவிட்டார்கள். பை கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அவனை உட்கார வைத்தோம். பை வைத்தவரைக் கேட்டோமா? அந்த வண்டியைச் செய்தவனைக் கேட்டோமா?

முதலில் வண்டியைச் செய்தவன். அம்பாசடர், பியட் பத்மினி காலத்து டிக்கியை நினைத்துப் பாருங்கள். டிக்கி ஒரு தனி அறை. தனிக் கதவு, கைப்பிடி, சாவி. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிக் கையை நீட்டிச் சாமானைத் தொட முடியாது. என் கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டமெல்லாம் ஓர் அம்பாசடர் டிக்கியில்தான் தஞ்சாவூரிலிருந்து வந்தது. வழியில் வல்லத்தில் நிறுத்திக் காபி குடித்தார்கள், யாரும் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூக்கும் இல்லை, வாலும் இல்லை என்று ஊரே சிரித்தது, அப்புறம் ஊரே வாங்கியது. அதில்தான் டிக்கி என்பது தனி அறையாக இல்லாமல் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் என்று ஆனது. அம்பாசடர், மாருதி 800 இரண்டும் 2014இல் நின்றுபோயின. அட்டை மட்டும் நிற்கவில்லை.

2006 பட்ஜெட் இதற்கு இன்னொரு தள்ளு தள்ளியது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் சின்னக் கார், கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் என்றார்கள். கம்பெனிகள் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டன. நாலு மீட்டருக்குள் என்ஜினும் வேண்டும், ஐந்து பேருக்குக் கால் நீட்ட இடமும் வேண்டும். மிச்சம் வெட்ட என்ன இருக்கிறது? வாலைத்தான் வெட்ட வேண்டும். வெட்டின இடத்தில் அட்டையை வைத்து மூடினார்கள்.

சரி, மூடியாவது கொடுத்தார்களா என்றால் அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஷோரூமில் ஒரு பட்டியல் தருவார்களே, ஒரு பக்கம் வசதிகளின் பெயர், எதிரில் ஒவ்வொரு ரகத்துக்கும் டிக் அல்லது கோடு. விலை குறைந்த ரகங்கள் பலவற்றில் பார்சல் ட்ரேவுக்கு நேரே ஒரு கோடு. "அது அக்சஸரீஸ் மேடம், தனியா போட்டுக்கலாம்" என்பார்கள், சீட் கவர், மிதியடி, பம்பருக்கு மினுக்குப் பட்டை இவற்றோடு சேர்த்து. மினுக்குப் பட்டையும் டிக்கி மூடியும் ஒன்றா?

ஏன் ஒன்றில்லை என்பதற்குச் சட்டத்திலிருந்தே காரணம் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடி 50 சதவீதம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது, திருச்சி ஜங்ஷன் பக்கம் போலீஸ்காரர்களே நின்று உரித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஃபிலிம் பற்றி அதற்கு அப்புறமும் வழக்கு, திருத்தம் எல்லாம் வந்தன. இந்த 70, 50 மாறவில்லை. இதுவும் நியாயமான விதிதான். காருக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டும், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்புக்கு. ஆனால் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிய வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன பிறகு, சாமானை மறைக்க மிச்சமிருப்பது அந்த ஒரு மூடிதான். அதை ஆடம்பரம் என்று கணக்கில் எழுதி, காசு குறைவாகக் கொடுப்பவனுக்கு இல்லை என்றால் என்ன அர்த்தம்? விலை உயர்ந்த ரகத்தை வாங்குகிறவனின் பைக்குத் திரை உண்டு. கடன் வாங்கிச் சின்ன ரகம் எடுக்கிற நம் வீட்டுப் பிள்ளையின் பை கடைவீதிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற அல்வா.

ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைப் போனில் கேட்டேன். நல்ல பையன், பொறுமையாகப் பதில் சொன்னான். "டீச்சர், அது பூட்டுன்னு நாங்க எப்பவுமே சொல்லலை. கண்ணுக்கு மறைக்கத்தான். கண்ணாடியை உடைக்கத் துணிஞ்சவனை எந்த அட்டை தடுக்கும்? இரும்பிலே போட்டா எடை கூடும், மைலேஜ் போகும், விலை ஏறும். வண்டிக்கு வண்டி ஒவ்வொரு ரூபாயும் கணக்கு டீச்சர்" என்றான். கிளாஸில் உட்கார்ந்திருந்தபோது இவ்வளவு தெளிவாக அவன் பேசியதில்லை.

அவன் சொன்னதில் பாதி சரி. பக்கக் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி. மேல்பரப்பு இறுக்கத்திலும் உள்பகுதி இழுவையிலும் இருக்கும்படி சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தது. எங்காவது ஒரு புள்ளியில் அந்த இறுக்கம் விட்டால் மொத்தமும் பொடியாகிவிடும். நம்மைக் கத்தி மாதிரி வெட்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். அதனால் உடைக்க வேண்டும் என்று வந்தவனை நிறுத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் திருடன் எந்தக் காரை உடைப்பான்? காலி மனையில் அன்று நாற்பது கார் நின்றது. நாற்பதில் எங்களுடையதை ஏன் எடுத்தான்? அட்டை சாய்ந்திருந்தது, அடியில் பை இருப்பது தெரிந்தது. சமமாக மூடியிருந்தால் அடுத்த காருக்குப் போயிருப்பான், அல்லது போயே இருக்க மாட்டான். கண்ணுக்கு மறைப்பதுதான் வேலை என்றால் அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்கிற மாதிரி வடிவமைக்க வேண்டாமா? உயரமாக ஒரு பை வைத்தால் தூக்கிக்கொள்கிறது. பின் சீட்டைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால் நான்கு விரல் இடைவெளி விடுகிறது. திருச்சி வெயிலில் மூன்று கோடை நின்ற வண்டியில் நடுவில் தொங்கிவிடுகிறது. என் தம்பி வண்டியில் கயிறு ஒரு பக்கம் அறுந்து, சணல் கட்டி வைத்திருக்கிறான். எடை, மைலேஜ் என்கிறான் பையன். நான் இரும்பு கேட்கவில்லையே. சீட்டுப் பக்கத்து ஓரத்தில் இரண்டு கொக்கி, டிக்கி திறந்தால்தான் விடுபடுகிற மாதிரி. உள்ளே இருந்து ஒரு கையால் தூக்க முடியாமல் இருந்தால் அந்த ஒரு நிமிஷம் மூன்று நிமிஷம் ஆகும். அமாவாசைக் கூட்டத்தில் மூன்று நிமிஷம் ஒருவன் அடுத்தவன் காருக்குள் முழங்காலில் நிற்க முடியாது.

இன்னொரு கஷ்டம், பெண்களுக்குத்தான் தெரியும். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்குகிறோம். நவராத்திரிக்குப் பொம்மைப் பெட்டி ஏற்றுகிறோம். அட்டையைக் கழற்றினால்தான் உள்ளே போகும். கழற்றின அட்டையை எங்கே வைப்பது? காருக்குள் அதற்கு இடம் கிடையாது. அகலமாக, வளைக்க முடியாமல், மடிக்க முடியாமல் ஒரு சாமான். வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் விட்டது கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்படும். பிறகு வண்டிக்குத் திரும்பாது. எங்கள் வீட்டில் ஓர் அட்டை இரண்டு வருஷம் கொலுப் படிக்கு முட்டுக் கொடுத்தது. இது என் சோம்பல் மட்டும் இல்லை. கழற்றினால் வைக்க இடமில்லாத மூடியைச் செய்தவன், அதைத் தூக்கித் தொங்கவிட்ட கயிற்றின் அழகைப் பார்த்தானே தவிர, அதைக் கழற்றுகிற மனுஷியைப் பார்க்கவில்லை.

வேறு மாதிரி செய்யவே முடியாதா? முடியும். கனடாவில் என் நாத்தனார் மகன் வீட்டில் பார்த்தேன். அங்கே வந்த 2017 மாடல் ஹோண்டா சிவிக் ஹாட்ச்பேக். அதில் அட்டை இல்லை, துணித் திரை. சுருட்டி வைத்த உருளை டிக்கியின் பக்கவாட்டில் இருக்கிறது. இடமிருந்து வலமாக இழுத்து மாட்டுகிறான், வேண்டாம் என்றால் விட்டால் சர்ரென்று ஓரமாகச் சுருண்டுகொள்கிறது. நம் ஊர்ப் பழைய கடைகளின் ஷட்டரைப் படுக்க வைத்த மாதிரி. கழற்றி வீட்டில் வைக்கிற பேச்சே இல்லை. சாமான் ஏற்றும்போது ஒரு விரல் வேலை. துணிதானே என்பீர்கள். துணிதான், பூட்டு இல்லை, அதுவும் திரைதான். ஆனால் எப்போதும் வண்டியிலேயே இருக்கிற துணி, கதவுக்குப் பின்னால் தூங்குகிற அட்டையை விட மேல். அந்த வண்டி இந்தியாவுக்கு வரவில்லை. 2019இல் இங்கே வந்த சிவிக் தனி டிக்கி வைத்த செடான். நமக்குப் பட்டியலில் கோடுதான் வந்தது.

ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை இன்னும் மோசம். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு முழம் இடம், அதில் நட்டுக்குத்தாகப் பெட்டிகள். அட்டையும் இல்லை, திரையும் இல்லை. குடும்பத்தோடு குணசீலம், சமயபுரம் என்று சுற்றும்போது உங்கள் பெட்டிகளின் நிறம்கூட ஊருக்கே தெரியும்.

இனி நம் பங்கு. கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது வாத்தியார் வேலை ஆகாது.

அந்த அட்டையை நாம் மூடியாக வைத்திருக்கிறோமா? அலமாரியாக வைத்திருக்கிறோம். டிஷ்யூ பெட்டி, குடை, தலையாட்டும் நாய் பொம்மை, குழந்தையின் தண்ணீர் பாட்டில், கோயில் பிரசாதப் பை. ஒரு காலத்தில் அதில் வட்டமாக ஓட்டை போட்டுப் பெரிய ஸ்பீக்கர் இரண்டு மாட்டினால்தான் கார் என்று பிள்ளைகள் அலைந்தீர்கள், அந்த 1990களின் பையன்களுக்கு இப்போது முடி நரைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனோம். மூன்று கிலோ. டிக்கி நிறைந்திருந்ததால் அட்டை மேல் படுக்க வைத்தார்கள். காவிரிப் பாலத்தில் முன்னால் ஓர் ஆட்டோ திடீரென்று நின்றது, எங்கள் டிரைவர் பிரேக்கை மிதித்தார். விளக்கு என் காதோரமாகப் பறந்து போய் முன் சீட்டின் முதுகில் மோதியது. கார் நின்றது. விளக்குக்கு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. நியூட்டன் முதல் விதி. வரி வரியாக ஒப்பிப்பீர்கள், விளக்கைக் கொண்டு வந்து என் தலைக்குப் பின்னால் வைப்பீர்கள்.

கணக்கும் போட்டுவிடுகிறேன், கை அரிக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 14 மீட்டர். மோதிய கார் அரை மீட்டரில் நின்றுபோனால், வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. மூன்று கிலோ விளக்கு அந்தக் கணத்தில் 60 கிலோ மாதிரி வரும். பின் சீட்டு முதுகைச் சோதிக்க ஐ.நா.வின் 17ஆம் வாகன விதியில் 18 கிலோ எடையுள்ள கட்டைகள் இரண்டை டிக்கியில் வைத்து மோத விடுகிறார்கள், சாமான் சீட்டைப் பிளந்துகொண்டு வரக் கூடாது என்று. அந்தச் சோதனை சீட்டின் முதுகுக்கு. முதுகுக்கு மேலே, அட்டை மேலே, நம் கழுத்து உயரத்தில் நாம் வைக்கிற சாமானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆக, மேலே வைக்கக் கூடாததை மேலே வைக்கிறோம், கீழே விடக் கூடாததைக் கீழே விடுகிறோம். காரை நிறுத்தின இடத்திலேயே டிக்கியைத் திறந்து, ஊர் பார்க்க லேப்டாப்பை உள்ளே வைத்து, பெருமையாகப் படாரென்று சாத்துகிறோம். மறைக்கிற வேலையைக் கிளம்பும்போதே வீட்டு வாசலில் செய்ய வேண்டும், நிறுத்தும் இடத்தில் செய்தால் அது மறைப்பது இல்லை, விளம்பரம். தனி டிக்கி உள்ள செடான்காரர்களும் ரொம்ப நிமிர வேண்டாம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் டிக்கி திறக்க ஒரு நெம்புகோல் இருக்கிறதே, கண்ணாடி உடைத்தவனுக்கு அது எட்டாதா?

பெருமாளுக்கு ஏழு மதில் கட்டின ஊர் இது. 156 ஏக்கர், 21 கோபுரம், உள்ளே போகப் போக ஒவ்வொரு வாசலிலும் கதவு. நம் முன்னோர் ஒரு மதிலை நம்பவில்லை. நாம் அந்தத் தெற்கு வாசலுக்கு வெளியே நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பைக் கம்பளித் துணி ஒட்டின அட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, "அரங்கன் பார்த்துப்பான்" என்று போகிறோம். அவனுக்கு அது வேலையா?

காப்பீடு இருக்கிறதே என்று மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னார். அதையும் கேட்டுப் பார்த்தோம். முழுக் காப்பீட்டில் உடைந்த கண்ணாடிக்கு உண்டு. காருக்குள் இருந்த பைக்கு இல்லை. சொந்தப் பொருள் இழப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான், அதிலும் வரம்புகள் உண்டு. மஞ்சள் சீட்டின் பின்னால் என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? "வாகனத்தில் உள்ள பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல." காப்பீடு பொறுப்பில்லை, நிறுத்துமிடம் பொறுப்பில்லை, கார் கம்பெனி பூட்டு என்று சொன்னதே இல்லை. கடைசியில் பொறுப்பு என்று பிடித்து உட்கார வைக்க ஒரே ஓர் ஆள்தான் கிடைத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பின் கண்ணாடி 70 சதவீதம் தெரிய வேண்டும் என்று எழுதிய கையாலேயே, டிக்கி தனி அறையாக இல்லாத எந்த வண்டியும் மூடி இல்லாமல் ஷோரூமை விட்டு வெளியே வரக் கூடாது என்று டெல்லியில் ஒரு வரி எழுதட்டும். கடைசி ரகத்துக்கும் சேர்த்து. உங்களில் மூன்று பேர் கார் கம்பெனிகளில் இருக்கிறீர்கள், ஒருத்தி வடிவமைப்புப் பிரிவில். அடுத்த வண்டிக்குப் படம் வரையும்போது உள்பக்கக் கொக்கியையும், கழற்றின மூடியை வைக்கத் தரைக்கடியில் ஒரு தட்டையான இடத்தையும் வரைந்து காட்டு அம்மா. "ஒவ்வொரு ரூபாயும் கணக்கு" என்று சொல்வார்கள். தை அமாவாசை அன்று ஒருவனுக்குப் போன அரை நாளை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று கேள்.

அவனைப் போன வாரம் பார்த்தேன். அந்த மனையில் இப்போது வேலை இல்லை, முதலாளி "கொஞ்ச நாள் வேண்டாம்ப்பா" என்றாராம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் இரவுக் காவல். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அந்த சாருக்கு வாட்ச் கெடைச்சுதா டீச்சர்?"

மாப்பிள்ளை, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா கடிகாரம் போனதில் உங்களுக்கு இருந்த வேதனை எனக்கும் தெரியும், அன்று நீங்கள் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டை மூடியிருக்கிறது, வா என்று சொன்னது நான். அவனிடம் போய் நான் சொல்லிவிட்டேன். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு மேல் அவன் டியூட்டியில் இருப்பான், போன் எடுப்பான்.